இரும்பு அறுக்க எந்த மெஷின்?

சோமனூர், பல்லடம் பக்கம் தறிக் கொட்டகையை ஒட்டியோ, பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக்குள்ளோ சின்னதாக ஒரு பட்டறை போடுகிறவர்கள் பெரும்பாலும் 14 அங்குல கட்டிங் மெஷினைத்தான் முதலில் வாங்குகிறார்கள். விலை குறைவு, எதையும் அறுக்கும். ஆனால் அது ரம்பமே இல்லை, வேகமாகச் சுற்றும் சாணைக்கல்.

355 மி.மீ. வீல் நிமிடத்துக்குச் சுமார் 3,800 சுற்று சுற்றும்போது அதன் விளிம்பு வினாடிக்கு 70 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. பிசினில் இறுகிய அலுமினியம் ஆக்சைடு துகள்களுக்குச் சீரான கூர்முனை கிடையாது. அவை இரும்பைச் செதுக்குவதைவிட உரசித் தேய்ப்பதுதான் அதிகம். மோட்டார் கொடுக்கும் சக்தியில் பெரும்பங்கு சூடாகிவிடுகிறது. பறக்கும் பொறி ஒவ்வொன்றும் காற்றில் எரியும் இரும்புத் துகள். பஞ்சுக் கழிவும் தேங்காய் மஞ்சியும் கிடக்கிற இடத்தில் இதை ஓட்டவே கூடாது. பொறி பல அடி தூரம் போகும், உடனே பற்றாமல் உள்ளே கனிந்து வெகுநேரம் கழித்தும் எரியும்.

சூடு இன்னொரு விதத்திலும் வேலையைக் கெடுக்கும். இஎன்8 என்ற எஃகு வகையில் வரும் ஷாஃப்டில் கார்பன் ஏறத்தாழ 0.4 சதவீதம். அறுத்த முகம் சிவக்கச் சூடாகும்போது, பின்னால் இருக்கும் குளிர்ந்த இரும்பு அந்தச் சூட்டை உறிஞ்சிவிடுகிறது. தண்ணீரில் முக்கி எடுத்தது போலவே முகம் கடினமாகிவிடும். பிறகு லேத்தில் சென்டர் டிரில் போட்டால் முனை மழுங்கும். துளையில் மரை போடும் டேப் உடைந்தால் பலரும் டேப்பின் தரத்தைத்தான் திட்டுகிறார்கள். சாதாரண எம்எஸ் (மைல்ட் ஸ்டீல்) கம்பியில் கார்பன் குறைவு என்பதால் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. கேட், கிரில் மட்டும் செய்கிறவருக்குக் கட்டிங் மெஷினே போதும். பிசிறை எடுத்துவிட்டு வெல்டிங் வைத்துவிடலாம்.

லேத் வேலையும் சேர்ந்து வந்தால் சின்ன பேண்ட்சாதான் (வளையமாக ஓடும் பட்டை ரம்பம்) சரி. இதில் பிளேடு நிமிடத்துக்கு 25 முதல் 60 மீட்டர்தான் ஓடுகிறது, சாணை வீலின் வேகத்தில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. பல் சீவலாகச் சீவி எடுப்பதால் சூட்டின் பெரும்பகுதி சீவலோடு வெளியேறிவிடும். அறுத்த முகத்தைக் கொஞ்ச நேரத்திலேயே கையால் தொடலாம்.

பேண்ட்சா வாங்கியவர்கள் தடுமாறுவது பல் கணக்கில். எந்த நேரத்திலும் குறைந்தது மூன்று பல்லாவது இரும்புக்குள் இருக்க வேண்டும். 6 மி.மீ. கனமுள்ள ஆங்கிளை (எல் வடிவ இரும்பு) இரண்டு விளிம்பும் கீழே இருக்கும்படி கூரை மாதிரி கவிழ்த்து வைஸில் பிடித்தால், பிளேடுக்கு எட்டரை மி.மீ. கனம் கிடைக்கும். அங்குலத்துக்கு 14 பல் பிளேடில் நாலைந்து பல் உள்ளே இருக்கும், நன்றாக அறுக்கும். 2 மி.மீ. கனமுள்ள சதுர பைப்புக்கு 24 பல் பிளேடு போட்டாலும் இரண்டு பல்தான் பிடிக்கிறது. அதனால் பிளேடை மெதுவாக இறக்க வேண்டும், இல்லாவிட்டால் பைப்பின் சுவரில் மாட்டிப் பல் பெயரும். அதே 24 பல் பிளேடை 50 மி.மீ. ஷாஃப்டில் வைத்தால் சுமார் 47 பல் உள்ளே போய்விடும். பல்லிடுக்கில் சீவல் அடைத்து, அறுக்காமல் வழுக்கும். அங்கே 6 அல்லது 8 பல் போதும். ஒரே பிளேடுதான் வாங்க முடியும் என்றால் 10/14 கலப்புப் பல் (அங்குலத்துக்கு 10 முதல் 14 வரை மாறி வரும்) பைமெட்டல், அதாவது இரண்டு உலோகம் சேர்ந்த பிளேடு வாங்கலாம்.

இறக்கும் வேகத்தைச் சீவலே சொல்லிவிடும். மெல்லிய சுருளாக வந்தால் சரி. மாவாக உதிர்ந்தால் அழுத்தம் போதவில்லை. நீலம் பாய்ந்தால் வேகமோ அழுத்தமோ அதிகம். ஸ்டெயின்லெஸ்ஸில் வேகத்தைக் குறைக்கலாம், அழுத்தத்தைக் குறைக்கக் கூடாது; பல் வெறுமனே உரசினால் அந்த இடம் இறுகிவிடும். புது பிளேடைப் பாதி அழுத்தத்தில் பழக்கவும். வெட்டு கோணலாக இறங்கினால் முதலில் பிளேடின் இறுக்கத்தைப் பாருங்கள், அடுத்து பிளேடை நேராகப் பிடிக்கும் கைடு பேரிங் இடைவெளியை. இரண்டும் சரியென்றால் ஒரு பக்கப் பல் மட்டும் மழுங்கியிருக்கும்.

கோவையில் பழைய பவர் ஹாக்ஸாவும் (முன்னும் பின்னும் இழுத்து அறுக்கும் மோட்டார் ரம்பம்) கிடைக்கும். மெதுவான மெஷின், ஆனால் பிளேடு மலிவு. திரும்பி வரும்போது பிளேடு சற்று மேலே தூக்குகிறதா என்று மட்டும் பாருங்கள். தூக்காவிட்டால் பல் சீக்கிரம் போய்விடும்.

கார்பைடு பல் டிஸ்க்கைக் கட்டிங் மெஷினில் மாட்டும் ஆபத்தான பழக்கம் ஒன்று உண்டு. அந்த டிஸ்க் நிமிடத்துக்கு 1,300 சுற்று அளவில் ஓடும் மெஷினுக்கானது. 3,800-இல் ஓடினால் பல் தெறித்து முகத்துக்கு வரும். சாணை வீல் வாங்கும்போது நடுவளையத்தில் அச்சிட்ட காலாவதி மாதத்தைப் பாருங்கள். பிசின் ஈரத்தில் வலுவிழக்கும்.

கரண்டைப் பொறுத்தவரை, 2,200 வாட் கட்டிங் மெஷின் 230 வோல்ட்டில் பத்து ஆம்பியர் இழுக்கும். கிளம்பும்போது அதைப்போலப் பல மடங்கு. 16 ஆம்பியர் பிளக், சி வகை எம்சிபி, 2.5 சதுர மி.மீ. ஒயர் வேண்டும். தோட்டத்து லைனில் வோல்டேஜ் இறங்கும் நேரத்தில் நீளமான மெல்லிய ஒயரில் ஓட்டினால் மோட்டார் கருகும். அரை எச்பி பேண்ட்சாவுக்கு இந்தக் கவலை குறைவு.

கடையில் பணம் கொடுக்கும் முன் 50 மி.மீ. ராடு ஒன்றை அறுக்கச் சொல்லி, முகத்தில் மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். பிறகு ராடைக் கால் சுற்று திருப்பி இன்னொரு முறை வைத்துப் பாருங்கள். கிடையாகச் சாய்ந்திருந்தால் வைஸைத் திருகிச் சரிசெய்யலாம். மேலிருந்து கீழாகச் சாய்ந்து, கைடைத் திருப்பியும் தீரவில்லை என்றால் அந்த மெஷின் வேண்டாம்.