‘பணியிட அரசியல்’ என்று ஒரு சொல்

தண்டையார்பேட்டையில் ஆய்வேடு டைப் அடித்து பைண்டிங் போடும் கடைக்கு மெய்ப்பு பார்த்துக் கொடுக்கிறேன். கல்லூரி ஆசிரியர்களைப் பற்றிய ஆய்வு என்றால் போதும், ‘வொர்க்பிளேஸ் பாலிடிக்ஸ்’ என்பதற்குத் தமிழாக ‘பணியிட அரசியல்’ வந்து நிற்கும். அடித்துத் திருத்துவேன். திருத்தாமலே அச்சாகிவிடும்.

‘பாலிடிக்ஸ்’, நகர அரசைக் குறிக்கும் ‘பொலிஸ்’ என்ற கிரேக்கச் சொல்வழி வந்தது. நம்முடையது அரசு + இயல். குறளில் 39 முதல் 63 வரையுள்ள 25 அதிகாரங்களுக்கு இதுதான் பெயர். அரசன் ஆளும் முறை அதில் உண்டு, ஹெச்.ஓ.டி. யாருக்கு முதல் பீரியட் போட்டார் என்பது கிடையாது.

தூய தமிழ்தானே என்பார்கள். தூய்மை இருந்து என்ன, பொருள் தப்பினால்? இந்தப் பக்கம் அரசியல் என்றால் கொடிக்கம்பம், வட்டச் செயலாளர், பூத் கமிட்டி. கடைக்கு வந்த பேராசிரியர் ஒருவர் இப்படியொரு வினாப்படிவத்தை நிரப்பினார். ‘உங்கள் துறையில் பணியிட அரசியல் உள்ளதா?’ ‘இல்லை’யில் டிக். “எங்க டிபார்ட்மென்ட்ல யாரும் கட்சி பேச மாட்டாங்கப்பா.” டீ வந்ததும் தன் கதையைச் சொன்னார். கல்லூரிக்குத் தரமதிப்பீடு போட வரும் நாக் குழுவுக்கான கோப்பு முழுக்க அவர் தயாரித்தது. அட்டையில் வேறு பெயர். பதவி உயர்வுக் கோப்போ ஏழு மாதமாக ஒரே மேசையில். அது அரசியல் இல்லையா சார் என்றேன். “அது உள்ளடி வேலைப்பா!” டிக்கை மாற்றவில்லை.

இந்த ஆய்வுகள் அளப்பதே ஊழியர் கண்ணுக்கு என்ன படுகிறது என்பதைத்தான். மேலாண்மை ஆய்வாளர் ஃபெரிஸ் குழுவினர் 1989இல் வைத்த கோட்பாட்டு மாதிரியிலிருந்து அப்படித்தான். கக்மார், கார்ல்சன் என்ற ஆய்வாளர்கள் 1997இல் செப்பனிட்ட அளவுகோலில் 15 கூற்றுகள்: அடுத்தவரை இறக்கித் தான் ஏறுவது, பெரியவர் சொன்னதற்குத் தலையாட்டுவது, சம்பளமும் உயர்வும் விதிப்படி நடக்காதது. இவை மிகுதி என்று நினைப்பவருக்குப் வேலையில் மனநிறைவு குறைகிறது, நிறுவனத்தின்மேல் பற்று தளர்கிறது, விட்டுப் போகும் எண்ணம் கூடுகிறது. சொல் தப்பினால் டிக் தப்பும். டிக் தப்பினால் அட்டவணையில் மிஞ்சுவது என்ன?

பதிலுக்கு ‘உட்பகை’ போடலாம் என்றார் தமிழாசிரியர் ஒருவர். அழகான சொல், குறளின் 89ஆம் அதிகாரம். செப்பும் மூடியும்போல் பொருந்தியிருந்தும் ஒட்டாத குடி என்று அதில் வருவது பல துறைகளின் குரூப் போட்டோவேதான். ஆனால் பகை வேண்டுமே. அந்தப் பேராசிரியரின் கோப்பை அமுக்கியவருக்கு அவர்மேல் பகை இல்லை, தன் முறை முந்த வேண்டும், அவ்வளவுதான். ‘உள்குத்து’ ஒரே ஒரு குத்தோடு முடிந்துவிடும். ‘உள்ளடி’யில்தான் கூடவே இருந்து காலை வாரும் பொருள் நிற்கிறது. தலையாட்டிப் பிழைப்பது அதில் அடங்காது, ஒப்புக்கொள்கிறேன். அதற்கு நாதஸ்வரக்காரர் பக்கத்திலிருந்தே ‘ஒத்தூதல்’ கிடைக்கிறது. இரண்டையும் சேர்த்தே எழுதலாம்.

மொழிபெயர்ப்பவர்கள் காது கொடுத்துக் கேட்டால்தானே! ‘ஃபேகல்டி மெம்பர்ஸ்’ என்பதை அப்படியே பெயர்த்து ஆசிரியர்கள் ‘பீட உறுப்பினர்கள்’ ஆகிவிட்டார்கள். பீடத்தில் வைத்துப் பூ போடவா? ‘ஜாப் ஆட்டிட்யூட்’டுக்கு ‘வேலை மனப்பான்மை’ என்றால் தாழ்வு மனப்பான்மைதான் நினைவுக்கு வருகிறது. வேலையைப் பற்றிய மனநிலை என்று எழுதினால் யார் அடிக்கப்போகிறார்கள்?

போன வாரம் ஒரு மாணவியிடம் இவ்வளவையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். “நீங்க சொல்றதுதான் சார் கரெக்ட். ஆனா கைடு அந்த வார்த்தைதான் வெச்சிருக்காரு. மாத்துனா கையெழுத்து போட மாட்டாரு.”