மலையேறும் டீசல் ரயிலில் ஜன்னலை எப்போது மூடுவது?

ருமேனியாவில் திமிஷ்வாரா பக்கம் வேலைக்குப் போயிருக்கும் என் அக்கா மகன் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். ஒரவிட்சாவிலிருந்து அனினாவுக்கு மலையேறும் கிளைப்பாதை ரயில். இரண்டே பெட்டி, முன்னால் ஒரு பழைய டீசல் லோகோ, ஜன்னலை எல்லாம் இறக்கிவிட்டுப் பாதிப் பேர் தலையை வெளியே நீட்டிக்கொண்டு வருகிறார்கள். ரயில் மலையைக் குடைந்த குகைக்குள் நுழைகிறது, அப்போதும் ஒருத்தரும் தலையை உள்ளே இழுக்கவில்லை. "செம ரூட் மாமா" என்று கீழே ஒரு வரி. ரூட் செமதான். ஆனால் லோகோக்களைப் பழுதுபார்க்கும் டீசல் ஷெட்டிலேயே காலம் தள்ளியவனுக்கு மலையும் காடுமா கண்ணில் படும்? நான் பார்த்தது புகையை.

அந்தப் பாதையைப் பற்றி நாலு வார்த்தை. தென்மேற்கு ருமேனியாவின் பனாத் பகுதியில், அனினாவின் நிலக்கரியைக் கீழே கொண்டுவர ஆஸ்திரியர்கள் போட்டது, 1863-இல் திறந்தார்கள். சுமார் 33 கிலோமீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 340 மீட்டர் உயரம் ஏறுகிறது. 14 குகை, 10 பெரிய பாலம். வளைவுகள் அவ்வளவு இறுக்கமானவை, சில இடத்தில் ஆரம் 114 மீட்டர்தான், அதனால் வழக்கமான நீளப் பெட்டி திரும்பாது என்று குட்டைப் பெட்டிகளையே ஓட்டுகிறார்கள். மொத்தப் பயணம் இரண்டு மணி நேரம், அதாவது சராசரி வேகம் 17 கிலோமீட்டரைத் தாண்டாது. 2006-இல் அனினா நிலக்கரிச் சுரங்கத்தில் நடந்த ஒரு வெடிவிபத்தில் ஏழு பேர் இறந்தபின் அதையும் மூடிவிட்டார்கள். இப்போது ரயிலில் வருவது பெரும்பாலும் வேடிக்கை பார்க்க வருகிறவர்கள்தான்.

இழுப்பது 1,250 குதிரைசக்தி டீசல்-ஹைட்ராலிக் (எஞ்சின் சக்தியை எண்ணெய் வழியாகச் சக்கரத்துக்குக் கடத்தும்) லோகோ, 1960-களில் புக்கரெஸ்டின் '23 ஆகஸ்ட்' தொழிற்சாலையில் கட்டத் தொடங்கிய வகை. உள்ளே இருப்பது சுல்சர் என்ற சுவிஸ் கம்பெனியின் 6எல்டிஏ28 எஞ்சின். ஆறு சிலிண்டர், சிலிண்டர் விட்டம் 280 மில்லிமீட்டர் (அந்த 28 அதைத்தான் சொல்கிறது). சுவிஸ்காரர்களின் உரிமம் வாங்கி ரெஷிட்சாவில் செய்தார்கள், அனினாவுக்குப் பக்கத்து ஊர்தான். இதே குடும்பத்தின் 12 சிலிண்டர் எஞ்சின்தான் அந்த நாட்டின் பெரிய 2,100 குதிரைசக்தி லோகோக்களிலும். நல்ல எஞ்சின், ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் தலைமுறை தாண்டி உழைக்கும். எனக்கு அதன் மேல் குறை ஒன்றும் இல்லை.

சரி, அப்புறம் என்ன பிரச்சினை? இரண்டு குட்டைப் பெட்டிக்கு 1,250 குதிரைசக்தி தேவையே இல்லை. அதனால் ஏற்றத்தில்கூட எஞ்சின் முழு மூச்சில் ஓடாது. கேட்க நல்ல விஷயம் மாதிரி இருக்கும், ஆனால் பெரிய டீசல் எஞ்சினைக் குறைந்த சுமையிலேயே மணிக்கணக்கில் ஓட்டினால் சிலிண்டருக்குள் வேண்டிய சூடு ஏறாது, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ சரியாகச் சுற்றாது, டீசல் முழுசாக எரியாது. எரியாத டீசலும் லூப் ஆயிலும் (எஞ்சினின் மசகு எண்ணெய்) புகைக் குழாயில் பிசுபிசுவென்று படியும். ஸ்டேஷனில் ஐடிலில், அதாவது எஞ்சின் சும்மா ஓடிக்கொண்டு, நின்றாலும் இதே கதைதான். குளிர்காலத்தில் அணைக்கவும் பயம், ஏனென்றால் குளிர்விக்கும் தண்ணீர் உறைந்தால் எஞ்சின் பிளாக்கே விரிசல் விட்டுவிடும். இப்படிப் படிந்ததெல்லாம் டிரைவர் திடீரென்று பவர் கொடுக்கும்போது ஒரே மூச்சில் வெளியே வரும், சில சமயம் தீப்பொறியோடு. பவர் கொடுத்த முதல் சில நொடிகளில் டீசல் உடனே பாய்ந்துவிடும், டர்போவோ இன்னும் வேகம் பிடித்திருக்காது, அதனால் காற்று போதாமல் கரும்புகை. கிளம்பும் லோகோ பக்கத்தில் நின்று செல்ஃபி எடுக்கிறவர்கள் சுவாசிப்பது சரியாக அந்த முதல் சில நொடிப் புகையைத்தான்.

புகையின் நிறத்தை வைத்து எஞ்சினுக்கு என்ன நோய் என்று ஓரளவு சொல்லிவிடலாம். கறுப்பு விடாமல் வந்தால் ஏர் ஃபில்டர் அடைப்பு, டர்போ கோளாறு, இல்லை டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் சொட்டுகிறது. நீலம் என்றால் லூப் ஆயில் எரிகிறது, பெரும்பாலும் பிஸ்டன் ரிங் தேய்மானம். வெள்ளை, குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்தவுடன் வந்தால் பரவாயில்லை, சூடான பிறகும் வந்தால் தண்ணீர் உள்ளே கசிகிறதா என்று பார்க்க வேண்டும். பழைய லோகோ என்றால் புகைக்கத்தான் செய்யும் என்று தோளைக் குலுக்குகிறவர்களை எனக்குப் பிடிக்காது. இன்ஜெக்டரும் ஃபில்டரும் தவணைப்படி மாற்றிய பழைய எஞ்சின் லேசான மங்கலைத்தான் விடும். புகைப்பது வயதால் இல்லை, தள்ளிப்போட்ட பராமரிப்பால்.

இப்போது குகைக்கு வருவோம். இந்தப் பாதையில் மிக நீளமானது 660 மீட்டர். ரயில் போகிற வேகத்துக்கு உள்ளே இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். லோகோ முன்னால் போகிறது, ஒற்றைப் பாதைக் குகையில் புகை போக இடமில்லை, கூரையில் மோதி அப்படியே பின்னால் வரும் பெட்டிகளைச் சுற்றிக்கொள்ளும். ஜன்னல் திறந்திருந்தால் உள்ளேயும் நிறையும். டிரைவர் பாடு அவர் லோகோவை எந்தப் பக்கம் திருப்பி மாட்டியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இந்த வகை லோகோவில் கேபின் ஒரு முனையிலும் இல்லாமல் நடுவிலும் இல்லாமல் ஒதுங்கி இருக்கும், எஞ்சின் இருக்கிற நீளப் பக்கம் முன்னால் போனால் புகைபோக்கி அவர் முகத்துக்கு நேரே. நம்மூரில் லாங் ஹூட் (அந்த நீளப் பக்கம்தான்) முன்னால் போட்டு ஓட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள், பார்வை மறைப்பதைச் சொல்லிவிட்டு அடுத்துப் புகையைத்தான் சொல்வார்கள்.

எவ்வளவு ஆபத்து? பயமுறுத்த விருப்பமில்லை. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் உறுதியாக வகைப்படுத்தியது. ஆனால் அதற்கு அடிப்படையான ஆய்வுகள், சுரங்கத்துக்குள் டீசல் இயந்திரங்களோடு ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்தவர்கள் போன்றோரிடம் நடந்தவை. 14 குகையையும் கூட்டினாலும் ஏழெட்டு நிமிடம்தான், ஒருமுறை போய்வருகிறவருக்கு அது பெரிய கணக்கில்லை. கணக்கில் வருவது தினமும் அதே குகைக்குள் போகும் டிரைவரும் கார்டும். அப்புறம் ஆஸ்துமா உள்ளவர்கள், கைக்குழந்தைகள். புகையில் இருக்கும் நைட்ரஜன் டை ஆக்சைடு மூச்சுக்குழாயை உடனே இறுக்கக்கூடும், அதற்கு ஆண்டுக்கணக்கு தேவையில்லை.

ஆகவே குகை வருவதற்கு முன்பே ஜன்னலை ஏற்றிவிடுங்கள், தலையை நீட்டினால் புகை மட்டுமில்லை, சுவரும் கைக்கெட்டும் தூரத்தில்தான். வெளியே வந்ததும் எல்லா ஜன்னலையும் திறந்துவிடுங்கள், இதைத்தான் பலர் மறக்கிறார்கள், உள்ளே புகுந்த புகையோடு மூடிக்கொண்டே அடுத்த குகை வரை உட்கார்ந்திருப்பார்கள். என்95 மாஸ்க் கரித்தூளைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. ஈரக் கைக்குட்டை இரண்டையுமே சரியாகத் தடுக்காது. இன்ஹேலர் பயன்படுத்துகிறவர் அதை மேலே ஏற்றி வைத்த சாமான் பையில் வைக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நுரையீரல் உண்மையிலேயே பலவீனம், ஆனால் இந்த ரயிலில் போயே தீர வேண்டும் என்கிறவருக்கு ஒரு வழி இருக்கிறது. ஒரவிட்சாவிலிருந்து அனினாவுக்கு மலைச்சாலையில் காரில் ஏறிவிட்டு, திரும்பும்போது மட்டும் ரயிலைப் பிடியுங்கள். இறக்கத்தில் எஞ்சினுக்கு இழுக்கும் வேலை அநேகமாக இல்லை, பிரேக்கில்தான் இறங்கும், ஏறும்போது குடிக்கும் டீசலில் சிறு பங்குதான் செலவாகும், அதனால் புகையும் குறைவு. குகைகளும் பாலங்களும் அதேதான். வண்டிகள் மிகக் குறைவு, அனினாவிலிருந்து புறப்படும் நேரத்தை முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.