புல்வெளிபோல் தெரியும் சதுப்பின்மேல் பலகை ஏன்?

ஒஸ்லோவில் வாழும் மகளிடம் சென்று திரும்பிய காரைநகர் வாசகர் ஒருவர் இரண்டு கேள்விகளை எழுதியனுப்பியிருக்கிறார். நகரின் கிழக்கேயுள்ள ஒஸ்ட்மார்க்கா காட்டில் நடந்தபோது, தண்ணீரே கண்ணுக்குத் தெரியாத, பசும்புல் தரைபோன்ற இடங்களிலும் நீளமாகப் பலகைகள் போடப்பட்டிருந்தனவாம். அவற்றை விட்டு இறங்க வேண்டாமென்று மகள் தடுத்தாராம். அங்குள்ள ஏரிகளின் நீர் கலங்கல் ஏதுமின்றியே பிளேன்ரீ நிறத்தில் இருந்தது எதனால் என்பது இரண்டாவது கேள்வி. இரண்டுக்கும் விடை ஒரே பாசியில் இருக்கிறது.

ஒஸ்ட்மார்க்காவின் ஒரு பகுதி 2023 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கோடைகால நடைபாதைகள் மரங்களில் பூசப்பட்ட நீல அடையாளங்களால் காட்டப்படுகின்றன. அடியில் இருப்பது நைஸ் என்னும் மிகப் பழைய கடும்பாறை. பனியுகத்தின் பனிப்படலம் அதைத் தேய்த்துக் குழிகளாக்கி, ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் உருகி விலகியது. ஆழமான குழிகள் ஏரிகளாயின, ஆழம் குறைந்தவை தாவரங்களால் மூடப்பட்டுச் சதுப்புகளாயின. இதுவரை பாடசாலைப் புவியியல்தான். அந்தச் சதுப்புகளை ஆளும் ஸ்பாக்னம் பாசியிடம் வரும்போதுதான் எனக்கு வியப்புத் தொடங்குகிறது.

ஸ்பாக்னத்துக்கு வேர் கிடையாது. அதன் இலை ஒரேயொரு கலத்தின் தடிப்புடையது; அதில் இருவகைக் கலங்கள் மாறி மாறி அமைந்திருக்கின்றன. ஒடுங்கிய பச்சைக் கலங்கள் உயிருள்ளவை, ஒளித்தொகுப்பு செய்பவை. அவற்றுக்கிடையே பருத்து நிற்கும் நிறமற்ற கலங்களோ வளர்ந்து முடிந்தவுடன் உள்ளடக்கத்தை இழந்து இறந்துவிடுகின்றன. அவற்றின் சுவரில் நுண்துளைகள் உண்டு, நீர் வற்றினாலும் சுவர் சுருங்கி விழாதபடி உட்புறத்தில் சுருள்வடிவத் தடிப்புகளும் உண்டு. உயிர்க் கலங்களுக்கு வேண்டிய நீரைச் சேமித்து வைப்பவை இந்த இறந்த கலங்களே. தன் உலர்நிறையைப்போல் ஏறத்தாழ 20 மடங்கு நீரை இப்பாசி தாங்கக்கூடியது. எனவே வாசகர் கண்ட பசுந்தரை பெரும்பகுதி நீர்தான். அது குளமாகத் தெரியாமல் கலங்களுக்குள் ஏறி நிற்கிறது.

அடுத்தது இன்னும் நுட்பமானது. மழைநீரைத் தவிர வேறு உணவு வழி இல்லாத மேட்டுச் சதுப்புகளில், அந்நீரில் மிகச் சிறிதளவே கரைந்துள்ள கல்சியம், மக்னீசியம், பொற்றாசியம் ஆகியவற்றின் அயன்களைப் பாசியின் கலச்சுவரிலுள்ள அமிலத் தொகுதிகள் பற்றிக்கொண்டு, பதிலுக்கு ஐதரசன் அயன்களை வெளிவிடுகின்றன. உணவைப் பெறும் அதே செயலால் சுற்றியுள்ள நீர் அமிலமாகிறது. பல இடங்களில் அதன் பிஎச் பெறுமானம் 4 வரை இறங்கிவிடுகிறது. போட்டியிடக்கூடிய பெரும்பாலான தாவரங்கள் அந்த அமிலத்தில் வளர மாட்டா. தான் வாழ்வதற்கேற்ற நிலத்தைத் தன் உடலாலேயே உருவாக்கும் இத்தாவரத்தைவிட அழகான ஒன்றைத் தாவரவியலில் நான் படித்ததில்லை.

பாசி நுனியில் மட்டுமே வளர்கிறது. அடிப்பகுதி ஒளியின்றி இறந்து அமிழ்கிறது. ஒட்சிசன் நீரில் பரவும் வேகம் காற்றில் பரவும் வேகத்தின் பத்தாயிரத்தில் ஒரு பங்களவே என்பதால், சில அங்குலங்களுக்குக் கீழே ஒட்சிசன் ஏறக்குறைய இல்லை. பீனோல் சேர்வைகளைச் சிதைக்கும் நொதியத்துக்கு ஒட்சிசன் தேவை. அது இயங்காதபோது பீனோல்கள் தேங்குகின்றன. தேங்கிய பீனோல்கள் ஏனைய நொதியங்களையும் தடுக்கின்றன. இவ்வாறு அழுகாமல் அடுக்கடுக்காகச் சேர்வதே பீற் எனப்படும் முற்றா நிலக்கரி. அது ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் அளவிலேயே தடிக்கிறது. டென்மார்க்கில் 1950 இல் இத்தகைய சதுப்பிலிருந்து எடுக்கப்பட்ட டொலுண்ட் மனிதனின் முகம் கெடாமல் இருந்ததால், கண்டவர்கள் அண்மைக்காலக் கொலையென எண்ணிப் பொலிசாரை அழைத்தார்கள். அவ்வுடல் 2,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்டது.

முழுமையாகச் சிதையாத சேதனப் பொருளில் ஒரு பகுதி கரைந்து ஏரிகளுக்கு வடிகிறது. ஏரிநீரின் பழுப்பு நிறம் அதனால் வருவதே; அது அழுக்கன்று.

பலகையை விட்டு இறங்கும் ஒருவரின் முழு நிறையும் ஒரு பாதத்தின் பரப்பில் விழுந்து, வளரும் நுனிகளைப் பாசிக்குள்ளேயே அமிழ்த்துகிறது. பலர் மிதித்த தடம் பள்ளமாகி, பள்ளம் வடிகாலாகிறது. சேற்றைத் தவிர்க்க அடுத்தவர் ஓரமாக நடக்க, பாதை அகலமாகிறது. நீர்மட்டம் இறங்கிய இடத்தில் ஒட்சிசன் புகுந்து, நீண்டகாலம் பூட்டியிருந்த காபன் காபனீரொட்சைட்டாக வெளியேறத் தொடங்குகிறது. உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ 3 சதவீதமே உள்ள பீற் நிலங்கள், காடுகளின் தாவரங்கள் அனைத்தும் சேர்ந்து வைத்திருப்பதைவிட அதிக காபனை வைத்திருக்கின்றன. நிறையைப் பரப்பிவிடும் ஒரு பலகை காப்பது இதைத்தான்.

யாழ்ப்பாணத்தில் இப்பாசி நிலைக்காது. நம் சுண்ணாம்புக் கல் அமிலத்தை நடுநிலையாக்கிவிடும். நம் கிணற்று நீரை வன்னீராக்கும் கல்சியமும் இவ்வகைப் பாசிகள் பெரும்பாலானவற்றுக்கு ஒவ்வாதது. போதாததற்கு நீண்ட வறட்சி வேறு. ஆயினும் ஒட்சிசனற்ற மண் நம்மிடமும் உண்டு. கடனீரேரிக் கரைகளில் கண்டல் வேர்களுக்கடியில் கிளறினால் வரும் கரிய சேறும் அழுகிய முட்டை நாற்றமும் அதற்குச் சான்று; அந்நாற்றம், கடல்நீரிலுள்ள சல்பேற்றைப் பயன்படுத்தும் பற்றீரியாக்கள் வெளிவிடும் ஐதரசன் சல்பைட்டினுடையது. அச்சேற்றிலும் காபன் சேர்கிறது. அதை வெறுஞ்சேறென்று கருதிக் கல்லும் குப்பையும் கொட்டி நிரப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை. எந்த இடத்தில் எத்தனை அடி ஆழத்துக்கு எவ்வளவு காபன் உள்ளதென நம் கரை முழுவதும் அளந்து பதிவதற்குப் பெரும் செலவு தேவையில்லை: குழாயால் சேற்றுத் தூணொன்றை எடுத்து, துண்டுதுண்டாக உலர்த்தி நிறுத்து, 550 பாகை செல்சியசில் எரித்து மீண்டும் நிறுத்தால், குறைந்த நிறை சேதனப் பொருளின் அளவை ஏறத்தாழக் காட்டிவிடும். ஆய்வு நிதி ஒதுக்குவோர் ஒரு நல்ல உலையையும் தராசையும் சில மாணவர்களின் ஈராண்டுக் கால உதவித்தொகையையும் இதற்கென வழங்க வேண்டும்.