முகூர்த்தப் பட்டைத் திருப்பிப் பாருங்கள்

கல்யாணப் புடவை எடுக்கக் காஞ்சிபுரத்துக்கோ தி.நகருக்கோ போனால், கடைக்காரர் விரித்துப் போடுவதெல்லாம் புடவையின் முகப்புதான். அரக்கு, மாம்பழ மஞ்சள், வாடாமல்லி, மயில்கழுத்து என்று அடுக்கடுக்காக வந்து விழும். பெண்ணின் தோளில் போட்டுக் கண்ணாடி முன் நிறுத்துவார்கள். கூட வந்த பத்து பேரும் பத்து அபிப்பிராயம் சொல்வார்கள். நிறமும் கரையும் பெண்ணுக்குப் பிடித்தபடி அமையட்டும், அதில் அறிவியலுக்கு வேலையில்லை. ஆனால் நூல் முழுக்கப் பட்டுதானா, கரை கோர்வையா (தனியாக நெய்து உடலோடு கோர்த்ததா), சரிகையில் வெள்ளி இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளுக்கு முகப்பில் பதில் கிடைக்காது. புடவையைத் திருப்பிப் பார்க்க வேண்டும், ஓர் இழையை உருவிப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கும்போது கண்ணில் படுவது என்னவென்று தெரிந்திருந்தால், பெரிய தொகை கொடுத்து எடுக்கும் புடவையை நம்பிக்கையோடு எடுக்கலாம்.

முதலில் நூல். மல்பெரி இலை தின்று வளரும் பட்டுப்புழு, தலையை எட்டு வடிவில் ஆட்டி ஆட்டித் தன்னைச் சுற்றிக் கூடு கட்டுகிறது. ஒரே கூட்டிலிருந்து பல நூறு மீட்டர், சில சமயம் ஒரு கிலோமீட்டருக்கு மேல்கூட அறுபடாத இழை கிடைக்கும். அந்த இழையில் இரண்டு புரதங்கள் உண்டு. உள்ளே ஃபைப்ரோயின், அதைச் சுற்றிப் பசை போல செரிசின். கச்சாப் பட்டின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு இந்தச் செரிசின்தான். சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் வேகவைத்து அதை நீக்குகிறார்கள். அதுவரை விறைப்பாகவும் மங்கலாகவும் இருந்த நூல், பசை போனதும் மென்மையாகிப் பளபளக்கத் தொடங்கும். அதற்கு அப்புறம்தான் சாயம்.

ஃபைப்ரோயின் பெரும்பாலும் கிளைசின், அலனின், செரின் என்ற மூன்று சிறிய அமினோ அமிலங்களால் ஆனது. சிறியவை என்பதால் அவற்றின் சங்கிலிகள் ஓலைச்சுவடியின் ஏடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று இடைவெளியின்றிப் படிந்துவிடுகின்றன. இந்த நெருக்கம்தான் இவ்வளவு மெல்லிய இழைக்கு அத்தனை வலுவைக் கொடுக்கிறது. ஏடுகளாகப் படியாமல் தளர்ந்து கிடக்கும் பகுதிகளும் நடுநடுவே உண்டு. பட்டு இழுத்தால் கொஞ்சம் நீண்டு கொடுப்பது அவற்றால்தான்.

பளபளப்புக்குக் காரணம் வேறு. பட்டிழையைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால், முனை மழுங்கிய முக்கோணம் தெரியும். தட்டையான பக்கங்களில் பட்ட ஒளி கண்ணாடியில் பட்டது போல ஒரே திசையில் திரும்புகிறது. உள்ளே நுழைந்த ஒளி வேறு கோணத்தில் வெளியேறுகிறது. அதனால்தான் பட்டின் மினுக்கு புடவை அசைய அசைய இடம் மாறும். சாதாரண பாலியஸ்டர் இழை உருண்டையானது, அதன் மினுக்கு எங்கிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கும். முக்கோண வடிவிலேயே பாலியஸ்டர் இழையும் இப்போது வந்துவிட்டது என்பதால், பளபளப்பை மட்டும் நம்பி முடிவு செய்ய முடியாது.

மயில்கழுத்து மாதிரியான இரட்டை நிறப் புடவைகளில் இந்த வேலையை நன்றாகவே பார்க்கலாம். பாவு ஒரு நிறம், ஊடை இன்னொரு நிறம். பாவிழைகள் புடவையின் நீளத்துக்கும் ஊடை இழைகள் அகலத்துக்கும் ஓடுவதால், இரண்டும் ஒளியை வெவ்வேறு திசையில் திருப்புகின்றன. நேராகப் பார்த்தால் நீலம், சற்றுச் சாய்த்தால் பச்சை. மணமேடையில் பெண் நடக்கும்போதும் உட்காரும்போதும் புடவையின் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். எனக்கு எல்லாப் பட்டிலும் பிடித்தது இதுதான். ஆனால் கடை விளக்கில் மட்டும் பார்த்து எடுத்துவிடாதீர்கள். எல்.இ.டி. விளக்கின் ஒளியில் எல்லா நிறங்களும் பகல் வெளிச்சத்தில் இருக்கிற அளவில் இருப்பதில்லை. கடைக்குள் அச்சாகப் பொருந்திய புடவையும் ரவிக்கைத் துணியும் வெயிலில் இரண்டு விதமாகத் தெரிவது இதனால்தான். வாசல் வரை எடுத்துப் போய்ப் பார்க்கிறேன் என்று கேளுங்கள், நல்ல கடையில் மறுக்க மாட்டார்கள்.

எரித்துப் பார்க்கும் சோதனை எல்லோருக்கும் தெரியும். பட்டு புரதம் என்பதால் தலைமுடி கருகும் நாற்றம் வரும், தீயை விலக்கினால் தானே அணையும், மிஞ்சும் கருப்பு உருண்டை விரலில் நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, நசுக்க முடியாத கெட்டி மணியாகும். ஆர்ட் சில்க் என்று விற்கப்படும் ரேயான் மரக்கூழிலிருந்து வருவது, காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பலர் கோட்டை விடுவது, எந்த இழையை எரிக்கிறோம் என்பதில். முந்தானைக் குஞ்சத்தில் தொங்குபவை பாவிழைகள் மட்டுமே. பாவு பட்டாகவும் ஊடை பாலியஸ்டராகவும் உள்ள கலப்புப் புடவை இந்தச் சோதனையில் சுலபமாகத் தேறிவிடும். ஓரத்திலிருந்து ஊடை இழை ஒன்றையும் உருவித் தரச் சொல்லி, இரண்டையும் தனித்தனியாக எரித்துப் பாருங்கள்.

அடுத்தது கரை. இப்போது புடவையைத் திருப்புங்கள். கோர்வைப் புடவையில் உடலுக்கு ஒரு நாடா (ஊடை இழையைக் குறுக்கே கொண்டுபோகும் தறிக் கருவி), இரண்டு கரைகளுக்கும் தனித்தனி நாடா, ஆக மூன்று. நெசவாளி ஒருவரால் மூன்றையும் சமாளிக்க முடியாது என்பதால் தறியில் பக்கத்திலேயே இன்னொருவர் உட்கார்ந்து ஒரு கரையின் நாடாவைப் பார்த்துக்கொள்கிறார். ஒவ்வொரு வரியிலும் உடலின் ஊடை கரையின் ஊடையோடு கொக்கி போட்டுத் திரும்பிச் செல்லும். ஒரு புடவை முழுக்க ஆயிரக்கணக்கான முறை இதையே செய்ய வேண்டும். இதன் பலனாக உடல் முழுச் சிவப்பாகவும் கரை முழுப் பச்சையாகவும், ஒன்றின் சாயல் மற்றதில் ஏறாமல் இருக்கும். உட்புறத்தில் கரை சேரும் இடத்தை நகத்தால் தடவினால் மெல்லிய முண்டு தட்டுப்படும், இரு நிற இழைகளும் பின்னிக்கொண்டிருப்பது கண்ணுக்கே தெரியும். அந்தக் கோடு தையல் மாதிரி அவ்வளவு ஒழுங்காக இருக்காது. அது குறை இல்லை, மனிதக் கை பட்ட இடம்.

கோர்வை இல்லாத புடவையில் ஒரே ஊடை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை ஓடும். அதனால் கரையின் நிறத்தில் உடலின் நிறம் கலந்தே தெரியும். அதுவும் நல்ல பட்டாக இருக்கலாம், தப்பில்லை. கோர்வையின் விலையில் அதை வாங்கக் கூடாது, அவ்வளவுதான்.

முந்தானை வேறு நிறத்தில் இருந்தால் அங்கே இன்னும் கடினமான வேலை நடந்திருக்கிறது. பாவையே மாற்ற வேண்டும். புது நிறப் பாவிழைகளைப் பழைய பாவோடு கோர்த்து, சிறிது தூரம் இரண்டையும் சேர்த்தே நெய்து, பிறகு பழைய இழைகளை வெட்டிவிடுகிறார்கள். இதைப் பேட்னி என்பார்கள். இணைப்பு விழுந்த பட்டையில் இரட்டைப் பாவு இருப்பதால் அந்த இடம் மட்டும் சற்றுத் தடிப்பாகவும் சுருக்கம் விழுந்தது போலவும் இருக்கும். விவரம் தெரியாதவர்கள் இதைப் பார்த்து நெசவு சரியில்லை என்று புடவையை ஒதுக்குவதைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கும்.

சரி, சரிகைக்கு வருவோம். விலையில் பெரிய பங்கு இங்கேதான். தூய சரிகை என்பது பட்டு நூலின்மேல் தட்டையாக்கிய மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசியது. எடையில் சுமார் பாதி வெள்ளி. தங்கம் அரை சதவீதத்தைச் சுற்றித்தான் இருக்கும். சரிகையை ‘மார்க்’ என்ற கணக்கில் விற்பார்கள், ஒரு மார்க் சுமார் 240 கிராம். அப்படியென்றால் ஒரு மார்க் சரிகையில் இருக்கும் தங்கம் ஒரு கிராமுக்குச் சற்று அதிகம், அவ்வளவே. இவ்வளவு குறைந்த தங்கம் அத்தனை நீளக் கம்பியை மூடுவது எப்படி? தங்கத்தை மிக மிக மெல்லிய படலமாகப் பூசினாலும் அது நீல ஒளியை உறிஞ்சி மஞ்சளைத் திருப்பி அனுப்பிக்கொண்டேதான் இருக்கும்.

மலிவான சரிகையில் வெள்ளிக்குப் பதில் செப்புக் கம்பி, அதன்மேல் வெள்ளி முலாம். அதற்கும் கீழே போனால் உலோகம் பூசிய பிளாஸ்டிக் படலம். சரிகையின் மேல்சுற்றைச் சுரண்டினால் உள்ளே சிவப்பு நூல் தெரிய வேண்டும் என்பது காஞ்சிபுரத்தில் வழக்கமாகச் சொல்லும் அடையாளம். வெள்ளை நூல் தெரிந்தால் சந்தேகப்படுவது நியாயம்தான். ஆனால் பாலியஸ்டர் நூலுக்கும் சிவப்புச் சாயம் ஏறும், அதனால் சிவப்பு மட்டும் சாட்சியாகாது. உறுதியாகத் தெரிய, நகைக்கடைகளில் தங்கத்தைச் சோதிக்கும் அதே எக்ஸ்ரே ஒளிர்வுக் கருவி இருக்கிறது. எக்ஸ் கதிர் பட்டதும் அணுவின் உள்வட்ட எலக்ட்ரான் தெறித்து வெளியேறும். காலியான இடத்துக்கு வெளிவட்டத்திலிருந்து ஒன்று இறங்கும்போது, அந்தத் தனிமத்துக்கே உரிய ஆற்றலோடு புதிய எக்ஸ் கதிர் வெளிவரும். வெள்ளிக்கு ஓர் ஆற்றல், செம்புக்கு வேறு, தங்கத்துக்கு வேறு. எது எத்தனை சதவீதம் என்று சற்று நேரத்தில் கருவி சொல்லிவிடும். புடவைக்கு ஒரு சேதமும் இல்லை. வசதி இருக்கும் கடையில் கேட்டு வாங்குங்கள்.

சில்க் மார்க் முத்திரை 2004இல் வந்தது. அது நூல் தூய பட்டு என்பதற்கு மட்டுமே உத்தரவாதம், சரிகையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. கைத்தறியா விசைத்தறியா என்பதற்கும் அதில் பதில் இல்லை. அதற்குக் கைத்தறி முத்திரை தனி. முத்திரையைப் பார்த்ததும் மற்றக் கேள்விகளை விட்டுவிட வேண்டாம். கனமான புடவைதான் நல்ல புடவை என்ற நம்பிக்கையும் அப்படித்தான். பசை நீக்கியதில் போன எடையை ஈடுகட்ட, 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பட்டுக்கு வெள்ளீய உப்பு ஏற்றினார்கள். கையில் கனத்த அந்தத் துணிகள் சில ஆண்டுகளில் தானாகவே கிழிந்தன. காஞ்சிப் பட்டின் கனத்தில் பெரும்பங்கு சரிகையிலிருந்து வருவது. சரிகை செம்பாக இருந்தாலும் கனக்கத்தான் செய்யும்.

வாங்கிய பிறகு சரிகைக்கு முதல் எதிரி கந்தகம். முலாமின் நுண்துளைகள் வழியாகக் கந்தகச் சேர்மங்கள் வெள்ளியை அடைந்தால் கருப்பான வெள்ளி சல்ஃபைடு உருவாகும். ரப்பர் பேண்டிலும் கம்பளியிலும் கந்தகம் உண்டு, இரண்டையும் பட்டோடு வைக்காதீர்கள். வாசனைத் திரவியத்தைப் புடவை கட்டுவதற்கு முன்பே போட்டுக்கொண்டு உலர விடுங்கள். கல்யாணம் முடிந்ததும் வியர்வை ஈரத்தோடு மடித்துவிடாமல் நிழலில் காற்றாட உலர்த்துங்கள். நேர் வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டைப் பழுப்பாக்கி நலிய வைக்கும். பிளாஸ்டிக் உறையில் ஈரம் தங்கும், பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வைப்பதே நல்லது. சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி மடியுங்கள். ஒரே கோட்டில் மடிந்து மடிந்துதான் சரிகைக் கம்பி முறிகிறது.