பணம் பற்றிப் பேச யாரை அழைப்பது?

ஈரோட்டில் ஓய்வுபெற்ற ஊழியர்கள் சங்கம் ஒன்றுக்கு நான் ஆடிட்டர். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு காலையில் சங்கக் கட்டடத்தில் யாராவது ஒருவர் பணம் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார். பேசியது சங்கத்தின் மாத மடலில் அவர் பெயரிலேயே கட்டுரையாகவும் வரும். யாரை அழைப்பது என்று தீர்மானிக்கும் வேலை பல வருடங்களாக என்னிடம் இருக்கிறது. வெளியூர்ச் சங்கங்களில் இருந்தும் குடியிருப்போர் நலச் சங்கங்களில் இருந்தும் "நல்ல ஸ்பீக்கரா ஒருத்தரைச் சொல்லுங்க" என்று என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

2015-ல் நான் அழைத்து வந்த ஒருவர் அருமையாகப் பேசினார். பென்ஷன்காரர்களின் பயம் அவருக்குத் தெரிந்திருந்தது. ஆஸ்பத்திரிச் செலவு, பிள்ளைகளிடம் கை நீட்டும் நிலை எல்லாவற்றையும் தொட்டுப் பேசினார். அவருடைய கார்டில் 'நிதி ஆலோசகர்' என்று இருந்ததை அப்படியே படித்துத்தான் நான் அறிமுகம் செய்தேன். உண்மையில் அவர் ஓர் ஆயுள் காப்பீட்டு ஏஜென்ட். கூட்டம் முடிந்ததும் வாசலில் நின்று எல்லோருடைய போன் நம்பரையும் வாங்கிக்கொண்டார்.

பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா அவரிடம் வருடம் 1,50,000 ரூபாய் கட்டும் பாலிசி போட்டார். 12 வருடம் கட்ட வேண்டும். அவருக்கு அப்போது வயது 61. கிராஜுவிட்டிப் பணத்தில் இரண்டு வருடம் கட்டினார், மூன்றாவது வருடம் முடியவில்லை. அந்த வகைப் பாலிசியில் மூன்று வருடம் கட்டினால்தான் சரண்டர் தொகை, அதாவது பாதியில் நிறுத்தினால் திரும்பக் கிடைக்கும் பணம், என்பது அன்றைய விதி. (2024 அக்டோபரில்தான் ஒரு வருடம் கட்டியவர்களுக்கும் ஏதோ கிடைக்கும்படி விதி மாறியது.) மூன்று லட்சம் போயிற்று. அந்த அம்மா ஏஜென்ட்டைத் திட்டவில்லை. "நீங்க கூட்டிட்டு வந்தவருன்னுதானுங்க தம்பி போட்டேன்" என்று என்னிடம் சொன்னார்.

பேசுகிறவரின் பேச்சை நம்பி யாரும் பணம் போடுவதில்லை. அவரை அழைத்து வந்தவன் மேல் இருக்கும் நம்பிக்கையில் போடுகிறார்கள். இதை அன்றுதான் புரிந்துகொண்டேன்.

நான் அந்த ஏஜென்ட்டிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: உங்கள் வருமானம் எங்கிருந்து வருகிறது? அந்தக் காலத்தில் நீண்ட காலப் பாலிசிகளில் முதல் வருடப் பிரீமியத்தில் 35 சதவீதம் வரை கமிஷன் இருந்தது. ஒன்றரை லட்சத்துக்குக் கணக்குப் போட்டால் ஐம்பதாயிரத்தைத் தாண்டும். கமிஷன் வாங்குவது குற்றமில்லை. நேர்மையான ஏஜென்ட்டுகள் பலரை எனக்குத் தெரியும், க்ளெய்ம் சமயத்தில் வீடு தேடி வந்து நிற்பவர்கள் அவர்கள்தான். ஆனால் விற்பவரை ஆலோசகர் என்று அறிமுகம் செய்தது என் தவறு.

இப்போது முதலில் பார்ப்பது பதிவு எண். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி முதலீட்டு ஆலோசகர்களுக்கு 2013-லும், பங்கு ஆய்வாளர்களுக்கு 2014-லும் தனித்தனி ஒழுங்குமுறைகளைக் கொண்டுவந்தது. ஆலோசகரின் எண் ஐ.என்.ஏ. என்றும், ஆய்வாளரின் எண் ஐ.என்.எச். என்றும் தொடங்கும். மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தருக்கு ஏ.ஆர்.என். எண் உண்டு. அவருக்குக் கமிஷன் ஃபண்ட் நிறுவனத்திடமிருந்து வருகிறது. பதிவு பெற்ற ஆலோசகருக்கோ வாடிக்கையாளர் நேரடியாகக் கொடுக்கும் கட்டணம்தான் வருமானம். பரிந்துரைக்கும் திட்டத்திலிருந்து அவர் கமிஷன் வாங்கக் கூடாது. ஆலோசகராகப் பதிவு பெறாத விநியோகஸ்தர் தன்னை 'ஆலோசகர்' என்று போட்டுக்கொள்ளவும் தடை இருக்கிறது. ஆனாலும் கார்டுகளில் அந்தச் சொல் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

எண்ணை வாங்கிக்கொண்டு விட்டுவிடக் கூடாது. செபி இணையதளத்தில் பதிவு பெற்றவர்களின் பட்டியலைத் திறந்து, அந்த எண்ணுக்கு நேரே இருக்கும் பெயரும் ஊரும் வரப்போகும் மனிதருடையதுதானா என்று பார்க்க வேண்டும். வேறொருவரின் எண்ணைத் தன் நோட்டீஸில் அச்சடித்த ஒருவரை நான் பிடித்தது இப்படித்தான். பேச வருகிறவர் பணமும் வசூலிப்பவர் என்றால் இன்னொரு சோதனை உண்டு. 2025 அக்டோபர் முதல் பதிவு பெற்றவர்களின் யூ.பி.ஐ. முகவரியில் 'வேலிட்' என்ற சொல் சேர்ந்து வருகிறது. அந்த முகவரி உண்மைதானா என்று செபியின் 'செபி செக்' என்ற வசதி மூலம் பார்த்துக்கொள்ளலாம்.

ஆடிட்டர்கள் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்களைக் கூப்பிட்டால் வருமான வரி, கேபிடல் கெயின், ரிட்டர்ன் தாக்கல் பற்றிப் பேசச் சொல்லுங்கள். "எந்தப் பங்கு வாங்கலாம்" என்று கேட்டால் நாங்கள் சொல்லும் பதிலுக்கும் டீக்கடையில் கேட்கும் பதிலுக்கும் அதிக வித்தியாசம் இருக்காது. எங்கள் தொழிலுக்கு இடையே வாடிக்கையாளருக்கு முதலீடு பற்றி ஏதேனும் சொல்ல நேர்ந்தால் அதற்கு செபி விதியில் விலக்கு இருக்கிறது. மேடை ஏறி நூறு பேருக்குப் பரிந்துரை சொல்ல அது அனுமதி ஆகாது. வங்கி மேலாளரும் அப்படித்தான். கடன், டெபாசிட் பற்றி அவரைவிட நன்றாகச் சொல்ல ஆள் இல்லை. அவர் காப்பீட்டைப் பற்றி ஆரம்பித்தால் எனக்கு மேலிடம் அவருக்கு வைத்திருக்கும் விற்பனை இலக்கு ஞாபகம் வந்துவிடும்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு முகம் பார்த்து நம்பும் பழக்கம் அதிகம். பெருந்துறையில் ஈமு கோழி வளர்ப்பு முதலீட்டு மோசடி விழுந்தது 2012-ல். இங்கிருந்து அரை மணி நேரத் தூரம். விளம்பரத்தில் தெரிந்த முகங்கள் வந்தன, சொந்தக்காரர் ஒருவர் போட்டார், அதைப் பார்த்து அடுத்தவர் போட்டார். பத்து வருடம் கழித்து ஆருத்ரா நிதி நிறுவன மோசடி. சுமார் ஒரு லட்சம் பேர், 2,438 கோடி ரூபாய். மாதத்துக்கு 25, 30 சதவீதம் வட்டி என்ற பேச்சை ஊர் ஊராகக் கொண்டு போனவர்கள் பெரும்பாலும் அந்தந்த ஊரில் மதிப்போடு இருந்தவர்கள். அதனால் "எங்க மாமாவுக்குத் தெரிஞ்சவர்" என்ற சிபாரிசோடு யார் வந்தாலும், மற்றவர்களைவிட ஒரு தடவை கூடுதலாகச் சரிபார்க்கிறேன்.

சமீபத்தில் அதிகம் வரும் சிபாரிசு டிரேடிங் வகுப்பு நடத்தும் இளைஞர்கள். உறுப்பினர்களின் பிள்ளைகளே அழைத்து வருகிறார்கள். போனில் லாபக் கணக்கைக் காட்டுவார்கள், நஷ்டமான நாட்களின் கணக்கு அதில் இருக்காது. எஃப் அண்ட் ஓ எனப்படும் முன்பேர வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களை 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளுக்கு செபி ஆராய்ந்தபோது 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டிருந்தார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். 2023 அக்டோபரில், பங்குச்சந்தைப் பாடம் நடத்துவதாகச் சொன்ன ஒரு யூடியூப்காரரின் விஷயத்தில் 17.2 கோடி ரூபாயைத் தனிக் கணக்கில் போட்டு வைக்கும்படி செபி இடைக்கால உத்தரவு போட்டது. பாடம் என்ற பெயரில், பதிவு இல்லாமல் வாங்கு, விற்பனை செய் என்று சொன்னார் என்பது புகார். 2025 ஜனவரியில் வந்த சுற்றறிக்கை, பாடம் மட்டும் நடத்துகிறவர்கள் முந்தைய மூன்று மாத விலையை வைத்துப் பங்கின் பெயர் சொல்லிப் பேசக் கூடாது என்றது. அந்தச் சுற்றறிக்கையின் நகலை ஃபைலில் வைத்திருக்கிறேன். "சும்மா விளக்கம்தான் சொல்லப் போறேன் சார்" என்று வருகிறவர்களிடம் அதை நீட்டுவேன். பலர் அதன் பிறகு போன் செய்வதில்லை.

இத்தனைக்கும் பிறகு, எங்கள் மேடையில் இதுவரை பேசியவர்களில் மிகச் சிறந்தவர் யார் என்றால், தபால் ஆபீஸில் சேமிப்பு கவுண்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரைத்தான் சொல்வேன். பவர்பாயின்ட் கிடையாது, மைக் பிடிக்கவே கூச்சப்பட்டார். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம் என்பதை ஒரே வரியில் சொல்லிவிட்டு, மீதி நேரம் முழுக்க நாமினி பற்றிப் பேசினார். கணவர் இறந்த பிறகு பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்ததால் எட்டு மாதம் அலைந்த பெண்மணி, நாமினி பெயரே எழுதாத பழைய பாஸ்புக்குகள் என்று கவுண்டருக்கு அந்தப் பக்கத்தில் அவர் பார்த்தவை எல்லாம் வந்தன. ஒருவர் எழுந்து பங்குப் பத்திரம் பற்றிக் கேட்டார். "அது எனக்குத் தெரியாதுங்க, தெரிஞ்சவங்களைக் கேட்டுக்குங்க" என்றார். அன்றிலிருந்து, அழைப்பதற்கு முன் பேசிப் பார்க்கும்போது ஒவ்வொருவரிடமும் அவர் துறைக்கு வெளியே ஒரு கேள்வி வேண்டுமென்றே கேட்கிறேன். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பவரை அழைப்பதில்லை.

கட்டுரைக்கு இன்னும் கறாராக இருக்கிறோம். பேச்சு காற்றோடு போகும், மடலை வெட்டி அலமாரியில் வைத்துக்கொள்வார்கள். எழுதுகிறவர் எதை விற்கிறார், யாரிடம் சம்பளமோ கமிஷனோ வாங்குகிறார் என்பது தலைப்புக்குக் கீழேயே இரண்டு வரியில் அச்சாகும். வட்டி விகிதம் எழுதினால் எந்தத் தேதி நிலவரம் என்று போட வேண்டும். ஒரு நிறுவனத்தின் பெயரும் போன் நம்பரும் சேர்ந்து வரக் கூடாது. இதற்கு ஒப்புக்கொள்ளாமல் கட்டுரையைத் திரும்ப வாங்கிப் போனவர்கள் உண்டு. கூட்டம் முடிந்து வாசலில் நம்பர் வாங்குவதற்கும் தடை. வேண்டுமென்கிற உறுப்பினர் ஒரு வாரம் கழித்துச் சங்கத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அந்த ஒரு வாரத்தில் வீட்டில் பேசிவிடுவார்கள்.

அந்த அம்மா இப்போதும் வருகிறார், மூன்றாவது வரிசையில் உட்காருவார். பேச வருகிற எவரிடமும் முதல் கேள்வி அவருடையதுதான்: "இதை நாங்க வாங்குனா உங்களுக்கு என்னங்க கெடைக்கும்?" சிலர் முகம் சிவக்கும். ஒரு மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர் மட்டும் தயங்காமல் தன் கமிஷன் சதவீதத்தைச் சொல்லி, விநியோகஸ்தர் இல்லாமல் நேரடித் திட்டத்தில் போட்டால் அது மிச்சம், 2013-லிருந்து அந்த வழி இருக்கிறது என்றும் சொன்னார். அவரை மூன்று முறை அழைத்துவிட்டோம்.

2025 நவம்பரில் பேச ஒத்துக்கொண்டவர் கடைசி நேரத்தில் வரமுடியவில்லை. இன்னொருவரை உடனே அனுப்புவதாக ஒரு தரகு நிறுவனம் சொன்னது, வேண்டாம் என்றேன். அந்த மாதம்தான் வங்கிக் கணக்குக்கு நான்கு நாமினி வரை போடலாம் என்ற விதி அமலுக்கு வந்திருந்தது. எல்லோரையும் அவரவர் பாஸ்புக்கை எடுத்துவரச் சொன்னோம். டீ குடித்துக்கொண்டே பாஸ்புக்கை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்ததில், பதினொரு பேரின் கணக்கில் நாமினியே இல்லை. மறுநாள் திங்கட்கிழமை காலையில் அந்தப் பதினொரு பேரும் வங்கியில் நின்றார்கள்.