மதபோதனை: சொல் விளக்கம்

அரசுப் பள்ளி வகுப்பறையில் மதம் பேசலாமா என்று விவாதம் வரும்போதெல்லாம் ‘மதபோதனை’ என்ற சொல் வந்துவிடுகிறது. அதோடு பேச்சும் குழம்பிவிடுகிறது.

மதம், போதனை இரண்டும் வடமொழியிலிருந்து வந்தவை. மதம் என்றால் முதலில் கருத்து, கொள்கை என்றுதான் பொருள். நன்னூலின் ‘எழுவகை மதம்’ கடவுளைப் பற்றியதே அல்ல. நூலாசிரியர்கள் கைக்கொள்ளும் ஏழு கொள்கைகள். அவற்றில் முதலாவது உடன்படல், அடுத்ததே மறுத்தல்! போதனையின் வேர் ‘புத்’: விழித்தல், அறிதல். புத்தரும் போதி மரமும் அதே வேரில் முளைத்தவை. விழிக்க வைப்பதைக் குறித்த சொல், இன்று ஒருவர் சொல்ல மற்றவர் கேள்வி கேட்காமல் ஏற்பது என்ற பொருளுக்கு வந்து நிற்கிறது.

அரசமைப்பின் 28ஆவது பிரிவு தடுப்பது இதைத்தான். முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையத்தில் மதபோதனை கூடாது. அரசு உதவி பெறும் பள்ளியில் நடந்தாலும், சம்மதமில்லாத மாணவரை அதில் உட்காரவைக்க முடியாது. சிறார் என்றால் பெற்றோரோ காப்பாளரோ சம்மதிக்க வேண்டும். மதங்களைப் பற்றிப் படிப்பது வேறு, அதற்கு இந்தப் பிரிவு தடையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2002இல், அருணா ராய் வழக்கில் தெளிவாக்கியது.

தமிழாசிரியர்களுக்கு இந்த வேறுபாடு பழகியதுதான். பத்தாம் வகுப்பில் கிறித்தவக் காப்பியமான தேம்பாவணி நடத்துகிறார்கள். தாய் எலிசபெத்தை அடக்கம் செய்துவிட்டுக் கருணையன் காட்டில் தனியாக அழுகிறான். திருநீறு பூசிய பிள்ளையும் தொப்பி போட்ட பிள்ளையும் சேர்ந்தே அந்தப் பாட்டை மனப்பாடம் செய்கிறார்கள். யாரும் யாரையும் மதம் மாற்றவில்லை. தேவாரம், சீறாப்புராணம், மணிமேகலை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுத் தமிழ் நடத்தத்தான் முடியுமா?

சரி, தமிழில் எப்படிச் சொல்லலாம்? ‘ஓதுவித்தல்’ நம்மிடம் இருக்கிறது. கோயிலில் தேவாரம் பாடுபவர் ஓதுவார். பள்ளிவாசலில் குர்ஆன் ஓதுகிறார்கள். பக்தியோடு சொல்லிக்கொடுத்து, திருப்பிச் சொல்லவைப்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. ஆகவே மதபோதனைக்குச் ‘சமய ஓதுவிப்பு’ என்றும், மதங்களைப் பற்றிய பாடத்துக்குச் ‘சமய அறிமுகம்’ என்றும் பிரித்து எழுதலாம். ‘சமயக் கல்வி’ என்று பொதுவாக எழுதினால் இரண்டும் மறுபடி ஒன்றாகிவிடும். எழுதிப் பார்த்தால் வேறுபாடு தெரியும்: “அரசுப் பள்ளியில் சமய ஓதுவிப்பு கூடாது, சமய அறிமுகம் வேண்டும்.”