வேய்ஸ்கூஸ்: வாத்து எங்கிருந்து வந்தது?

இங்கிலாந்து அச்சகங்களில் முதலாளி ஆண்டுக்கொருமுறை தொழிலாளர்களுக்குப் போட்ட விருந்துக்கு வேய்ஸ்கூஸ் என்று பெயர். 'கூஸ்' என்றால் பெரிய வாத்து. உடனே 'வாத்து விருந்து' என்று பெயர்த்துவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

ஜோசப் மாக்ஸன் 1683இல் வெளியிட்ட அச்சுத்தொழில் நூலில் இந்தச் சொல் 'வே-கூஸ்' என்றே இருக்கிறது. வாத்துக்கறி பற்றி அவர் மூச்சுவிடவில்லை. அவர் சொல்வது கண்ணாடிக்குப் பதில் காகிதம் ஒட்டிய ஜன்னல்களை. பழைய காகிதம் நன்றாக இருந்தாலும் சரி, வருடத்தில் ஒருநாள் தொழிலாளர்கள் ஜன்னல்களுக்குப் புதுக்காகிதம் போடுவார்கள். அன்றைக்கு முதலாளி வீட்டில் சாப்பாடு, ராத்திரி மதுக்கடைக்குப் போகக் கையில் காசு. மெய்ப்புத் திருத்துபவர், எழுத்து வார்ப்பவர், மை செய்பவர் எல்லோருக்கும் அழைப்பு உண்டு. மெய்ப்புத் திருத்துபவர் தவிர மற்றவர்கள் நம் ஊர் மொய் மாதிரி ஆளுக்குக் கொஞ்சம் கொடுப்பார்கள். நாள், ஆகஸ்ட் 24 பர்த்தலோமேயு திருநாளை ஒட்டி. இந்த விருந்து நடக்கும்வரை மெழுகுவத்தி வெளிச்சத்தில் வேலை செய்ய மாட்டார்கள். பகல் குறைகிற காலம். ராவேலை நடக்கவேண்டுமா, முதலில் பந்தி போடு!

அப்புறம் நடுவில் அந்த 'ஸ்' எப்படி நுழைந்தது? 1731இல் நேதன் பெய்லியின் அகராதி 'வேய்ஸ்' என்றால் வைக்கோல் கட்டு, வேய்ஸ்கூஸ் என்றால் அறுத்த வயலில் மேய்ந்த வாத்து என்று பொருள் எழுதியது. ஆதாரம் ஏதும் இல்லை. பெய்லி ஊகித்த எழுத்துக்கூட்டல் நிலைத்துவிட்டது என்றே சொல்லாய்வாளர்கள் கருதுகிறார்கள். சொல்லின் வேர் இன்றுவரை பிடிபடவில்லை. 19ஆம் நூற்றாண்டில் விருந்தோடு ஊர்ப்பயணமும் சேர்ந்துகொண்டது. இன்று அமெரிக்காவின் ஹாமில்டன் மரஎழுத்து அருங்காட்சியகம் ஆண்டுதோறும் நடத்தும் அச்சுக்கலைஞர் கூடுகைக்கும் இதே பெயர்தான்.

தமிழில்? நம் அச்சகங்களில் இயந்திரத்துக்குச் சந்தனம், குங்குமம் வைத்துப் பொரிகடலை கொடுக்கும் ஆயுத பூஜையை இதற்கு ஈடாகச் சொல்ல முடியாது. வேய்ஸ்கூஸில் வழிபாடு இல்லை. 'அச்சக ஆண்டு விருந்து' பொருளைச் சொல்லிவிடும், ஆனால் சப்பென்று இருக்கிறது. 'தாள்விருந்து' என்பது என் விருப்பம். தாள் என்றால் காகிதம். அறுத்த வயலில் நிற்கும் அரிதாளும் தாள்தான். மாக்ஸனின் ஜன்னலும் பெய்லியின் வாத்தும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன.